ஜூலை, ஓகஸ்டில் வன்னிக்கு வருகிறீர்களா? வெயிலையும் சோளகத்தையும் பார்த்துத் திட்டமிட ஒரு வழிகாட்டி

ஜூன் பிறந்தால் போதும், எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடும். "பிள்ளைகளுக்கு லீவு விடுகிறது. இந்த முறை யாழ்ப்பாணத்தோடு நிற்காமல் வன்னிப் பக்கமும் வரப்போகிறோம். என்ன செய்யலாம்?" கனடா, லண்டன், சுவிஸ், சில சமயம் கொழும்பு, சென்னை. வருகிற சொந்தக்காரரை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு உச்சி வெயிலில் அலைந்து, விடுதி கிடைக்காமல் திண்டாடி, வீடியோவில் பார்த்த பறவையைக் காணாமல் திரும்பிய அலைச்சல் எனக்குப் போதும். அது உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வன்னி என்று இங்கே நான் சொல்வது வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களையும். தென்னிலங்கைக் கடற்கரை மாதிரிக் குடை விரித்த கட்டிலும், மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குப் படகும் இங்கே வரிசையாக இருக்காது. ஆனால் கடல், களப்பு, குளம், காடு நான்கும் ஒரு நாள் ஓட்டத்துக்குள் கிடைக்கும். எதை எப்போது பார்க்கலாம் என்பதைக் காற்றும் வெயிலும்தான் முடிவு செய்யும். அதைத் தெரிந்துகொண்டு திட்டம் போட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

1. விமான ரிக்கற் எடுக்கும் முன் காற்றைப் பாருங்கள்

ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை இங்கே சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும். வன்னிக்குப் பெருமழை வருவது ஒக்டோபருக்குப் பிறகு, வாடை என்ற வடகிழக்குக் காற்றோடு. ஆகவே ஜூலை, ஓகஸ்ட் வறண்ட காலம். பகல் வெப்பம் 33 முதல் 35 பாகை வரை போகும். சூரியன் காலை ஆறு மணியளவில் எழும்பி மாலை ஆறரைக்கு மறையும். வெளியே செய்யக்கூடிய எதையும் காலை ஆறுக்கும் ஒன்பதரைக்கும் நடுவில், அல்லது மாலை நான்குக்குப் பிறகு வையுங்கள். நடுப்பகல் சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும்.

இந்தக் காற்றால் ஒவ்வொரு கரையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். முல்லைத்தீவு கிழக்குக் கரை, இந்த மாதங்களில் அலை குறைவு. மன்னார்த் தீவின் தென்கரையில் காற்று நேரே வந்து மோதும், கடல் கொந்தளிக்கும். அதே தீவின் பேசாலைப் பக்கமான வடகரை ஓரளவு அமைதியாக இருக்கும். மீனவர்களே பருவத்துக்குப் பருவம் கரை மாறுவது இதனால்தான்.

இனி, பலரும் ஏமாறும் இடம். மன்னாரில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் நிற்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு ஓகஸ்டில் வருகிறார்கள். பூநாரைகளும் மற்ற வலசைப் பறவைகளும் மாரியில் வருபவை, நவம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். வங்காலைச் சரணாலயமும் சுண்டிக்குளமும் அப்போது பார்க்க வேண்டியவை. ஓகஸ்டில் போனால் வெடித்த சேற்றையும், புழுதியையும், இரண்டு கொக்கையும் பார்க்கலாம். பறவைதான் நோக்கம் என்றால் நத்தார் விடுமுறைக்கு வாருங்கள்.

திருவிழாக்களையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். மடு மாதா பெருவிழா ஓகஸ்ட் 15. அதற்கு முந்திய சில நாட்களில் மன்னார், வவுனியா, மடு வீதி எங்கும் சனம். நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும், பெரும்பாலும் ஓகஸ்டை ஒட்டியே வரும். அது யாழ்ப்பாணத்தில் நடந்தாலும் வடக்கே வரும் ரெயிலில் இருக்கை கிடைக்காமல் அவதிப்படப்போவது நீங்கள்தான்.

2. ஆவணங்கள்

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவர்கள் புறப்படும் முன்பே இணையத்தில் ஈ.டி.ஏ. பயண அனுமதி எடுக்க வேண்டும். கட்டணமும் விதியும் மாறிக்கொண்டே இருப்பதால் போன வருடம் வந்த மச்சானிடம் கேட்காமல், எடுக்கும் அன்றே அரச தளத்தில் பாருங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பவை பல நேரம் இடைத்தரகர்களின் பக்கங்கள். பார்க்க அசல் மாதிரியே இருக்கும், மேலதிகமாகப் பணம் பிடுங்கும். முகவரி 'ஜிஓவி டொட் எல்கே' (gov.lk) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு அட்டை இலக்கத்தைக் கொடுங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். பிள்ளைகளுடையதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையும் தேசிய அடையாள அட்டையையும் கையோடு கொண்டுவாருங்கள். வனவிலங்குப் பூங்காக்களில் உள்நாட்டவர் கட்டணமும் வெளிநாட்டவர் கட்டணமும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வாசலில் நின்று எவ்வளவு நல்ல தமிழ் பேசினாலும் அட்டை இல்லையென்றால் வெளிநாட்டவர் கணக்குத்தான்.

வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது 2015 ஜனவரியிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் டிரோன் வேறு கதை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் கருவியும் போகும், ஒரு நாளும் பொலிஸ் நிலையத்தில் போகும். அனுமதி எடுக்க நேரமில்லை என்றால் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். முகாம்களையும் காவலரண்களையும் படம் எடுக்கக் கூடாது.

மோட்டார் சைக்கிள் ஓடும் ஆசை இருந்தால், உங்கள் நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே போதாது. இலங்கையில் அதற்கு அங்கீகாரம் பெற்ற பிறகே ஓட வேண்டும். மாமாவின் மோட்டார் சைக்கிள்தானே என்று எடுத்துக்கொண்டு போய் விபத்தில் மாட்டினால் காப்புறுதி கைவிரிக்கும்.

3. வந்து சேர்வது

கொழும்புக் கோட்டையிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் ரெயில் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி வழியாகப் போகிறது. மதவாச்சியில் பிரியும் பாதை மடு வீதி, முருங்கன், மன்னார், பேசாலை வழியாகத் தலைமன்னார் இறங்குதுறை வரை. இருக்கைப் பதிவு பயண நாளுக்கு 30 நாள் முன்பு திறக்கும். ஓகஸ்டுக்கு அன்றே பதியுங்கள். பதியும்போது அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம் கேட்கும், பயணத்தில் அதே ஆவணம் கையில் இருக்க வேண்டும். வெள்ளத்துக்கோ திருத்த வேலைக்கோ பாதையை மூடுவதும் உண்டு, இரண்டு நாள் முன்பு ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

முல்லைத்தீவுக்கு ரெயில் இல்லை. மாங்குளத்தில் இறங்கி ஒட்டுசுட்டான் வழியாக ஏறத்தாழ 50 கிலோமீற்றர். கிளிநொச்சிப் பக்கமிருந்து என்றால் பரந்தன், புதுக்குடியிருப்பு வழி, அதுவும் அதே தூரந்தான். பஸ் இரண்டு பக்கமும் ஓடுகிறது. ஆனால் மாலையானால் சேவை குறைந்துவிடும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வையுங்கள்.

4. வாகனமும் காசும்

பிள்ளைகளோடு வருபவர்களுக்கு வான்தான் சரி. கொழும்பில் பிடிப்பதைவிட வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ பிடியுங்கள். பாதை தெரிந்த சாரதி கிடைப்பார், வெறும் வானாக வந்து திரும்பும் தூரத்துக்கும் நீங்கள் காசு கொடுக்க வேண்டி வராது.

பேசும்போது "நாளுக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் கடைசி நாளில் சண்டைதான் வரும். இவற்றையும் கேளுங்கள்: நாள் வாடகைக்குள் எத்தனை கிலோமீற்றர் அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் எவ்வளவு, எரிபொருள் யார் பொறுப்பு, சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு, ஏசி போட்டால் விலை மாறுமா. சொன்னதை வாட்ஸ்அப்பில் ஒருமுறை எழுதி வாங்குங்கள். எரிபொருள் விலை மாதந்தோறும் மாறக்கூடியது, மே மாதம் பேசிய விலை ஓகஸ்டில் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

படகுக்குப் பேசும்போது ஆளுக்கா, படகுக்கா என்று கேளுங்கள். வங்கி இயந்திரம் நான்கு மாவட்ட நகரங்களிலும் உண்டு. கடற்கரைக் கடைக்கும் பாலைப்பழக்காரருக்கும் தாள்தான், அதுவும் சில்லறையாக.

5. தங்குமிடம்: இரண்டு இடம் போதும்

நாளுக்கு ஒரு ஊர் என்று அட்டவணை போடாதீர்கள். முல்லைத்தீவிலிருந்து தலைமன்னாருக்கு வாகனத்தில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. கிழக்கே முல்லைத்தீவு அல்லது கிளிநொச்சியில் சில இரவு, மேற்கே மன்னாரில் சில இரவு என்று பிரியுங்கள். முல்லைத்தீவு நகரில் நல்ல அறைகள் குறைவு. இணையத்தில் பதிந்தாலும் தொலைபேசியில் ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். மின்பிறப்பாக்கி இருக்கிறதா, குளிக்கும் தண்ணீர் உவரா, இரவு எட்டுக்குப் பிறகு சாப்பாடு உண்டா என்று கேளுங்கள். ஓகஸ்ட் 12 முதல் 16 வரை மன்னாரில் அறை தேடுவதென்றால் ஜூனிலேயே தேட வேண்டும்.

மடு விழாவுக்கே வருகிறீர்கள் என்றால் இன்னொரு வழி உண்டு. யாத்திரிகர்கள் கோவிலைச் சுற்றி மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்துத் தங்குவார்கள். பிள்ளைகளுக்கு இதைவிடச் சந்தோஷமான முகாம் வன்னியில் வேறு இல்லை என்பேன். கொசுவலையும், தண்ணீர்க் கலனும், பொறுமையும் கொண்டுவாருங்கள்.

6. முல்லைத்தீவுக் கடல்

பலரும் கேட்பது குளிப்பதைப் பற்றி. நான் முதலில் சொல்வது கரைவலை. விடியற்காலையில் போனால் வலை வளைத்துவிட்டு வந்திருப்பார்கள், இரு பக்கமும் கயிறு பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். வலைக்காரரான சம்மாட்டியிடம் கேட்டுவிட்டு நீங்களும் பிள்ளைகளும் ஒரு கை போடலாம். மீன் நிறைந்த வலையின் மடி கரையேறும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். மீனை அங்கேயே வாங்கி, விடுதியில் சொல்லிச் சமைப்பிக்கலாம். உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச்சால் இழுக்கும் இடம் எதையும் கண்டால் விலகி நில்லுங்கள். அங்கே கயிற்றுக்குக் கிட்ட நிற்கவே கூடாது, அறுந்தால் ஆளை வெட்டும்.

இனி குளியல். சோளகக் காலத்தில் இந்தக் கடல் தட்டையாகத் தெரியும். ஆபத்தே அதில்தான். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. காற்றடைத்த வளையம், மெத்தை, முதலை பொம்மை இவற்றில் பிள்ளையை ஏற்றினால் கண் மூடித் திறப்பதற்குள் வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். அலை இல்லாததால் போவதே தெரியாது. வளையமே வேண்டாம். உடம்புக்கு அளவான உயிர்காப்பு அங்கியை ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள், இங்கே பிள்ளைகளின் அளவில் தேடி அலுத்துப்போவீர்கள். உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பி இறங்க வேண்டாம். கரையில் நிற்பவரிடம் "அண்ணை, இண்டைக்கு நீரோட்டம் எப்படி? எங்கே இறங்கலாம்?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாந்தான். இடுப்பளவுக்கு மேல் போகாதீர்கள், சட்டென்று ஆழமாகும் இடங்கள் உண்டு.

களப்புப் பக்கம் போக ஆசையென்றால் வட்டுவாகல் பாலத்தடியில் மாலையில் நில்லுங்கள். நந்திக்கடல் களப்பு கடலோடு சேரும் இடம், வீச்சுவலை வீசுவதைப் பார்க்கலாம். பழைய பாலம் ஒடுக்கம், வாகனத்தைப் பாலத்தில் நிறுத்திவிட்டு இறங்காதீர்கள். ஆழமில்லாத களப்பு நீரில் நடப்பதென்றால் பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடங்கள். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், மிதித்தால் முள்ளால் அடிக்கும்.

பரந்தன் வீதியால் வந்தால் முள்ளிவாய்க்காலைக் கடந்துதான் வர வேண்டும். நிற்பவர்கள் நிற்பார்கள். கடலுக்குப் போகும் உடுப்போடும் செல்பித் தடியோடும் மட்டும் அங்கே இறங்காதீர்கள். பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள்.

7. குளக்கட்டில் சைக்கிள்

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம். எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: விடியவே போய், குளக்கட்டில் சைக்கிள் ஓடுங்கள் அல்லது நடங்கள். சிறுபோகம் என்ற கோடை நெற்செய்கைக்குத் தண்ணீர் விடுவதால் ஓகஸ்டில் குளம் வற்றியிருக்கும், ஆனால் கீழே வயல் விளைந்திருக்கும். கட்டில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். சைக்கிள் வாடகைக் கடையைத் தேடாதீர்கள், விடுதிக்காரரிடம் கேட்டால் யார் வீட்டிலாவது எடுத்துத் தருவார்.

குளத்தில் குளிக்கலாமா? ஊர்ச்சனம் குளிக்கும் துறையில், அவர்கள் குளிக்கும் நேரத்தில் மட்டும். இந்தக் குளங்களில் முதலை உண்டு. துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு), வான்கதவுப் பக்கம் இறங்கவே கூடாது.

கிளிநொச்சி போகும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நிற்கும், உங்களதும் நிற்கும். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். ஜூன், ஜூலையில் வந்தால் வீதியோரம் பாலைப்பழம் விற்பார்கள். தின்றால் உதடு ஒட்டும், கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் விடும்.

8. மன்னார்

சோளகத்தைப் பகையாக நினைக்காமல் அதையே விளையாட்டாக்குவதற்கு மன்னார்தான் இடம். தலைமன்னார்ப் பக்கத்தில் கைட் சர்ஃபிங் (பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் கடலில் சறுக்குவது) செய்ய இந்தக் காற்றுக்காகவே வெளிநாட்டவர் வருகிறார்கள். புதிதாகக் கற்பவருக்கு ஒன்பது, பத்து மணி நேரப் பாடத்தை மூன்று நாளாகப் பிரிப்பது வழக்கம். ஒரு மாலை போய்ச் செய்துவிட்டு வரும் காரியமில்லை. கட்டணத்தை டொலரில் அல்லது யூரோவில் சொல்வார்கள். கருவி வாடகையும் காப்புறுதியும் அதற்குள் அடங்குமா, காற்று இல்லாத நாளுக்குப் பணம் திரும்புமா என்று முற்பணம் கட்டும் முன் கேளுங்கள்.

அது வேண்டாதவர்களுக்கு ஒரு நாள் சுற்று: காலையில் மன்னார்க் கோட்டை, பள்ளிமுனையில் 19 மீற்றருக்கு மேல் சுற்றளவுள்ள பெருக்க மரம் (பாவோபாப்), நடுப்பகல் ஓய்வு, மாலை தலைமன்னார் வெளிச்சவீடும் பழைய இறங்குதுறையும். நகரிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். தென்கரையோரம் 2020 டிசம்பரில் திறந்த காற்றாலைகள் முப்பதும் சுழல்வதைப் பார்க்கலாம், ஆனால் அந்தக் கரையில் இந்த மாதங்களில் குளிக்க வேண்டாம். வடகரையில் குளியுங்கள், அங்கேயும் கேட்டுவிட்டு.

இராமர் அணையின் மணல்திட்டுகளுக்குப் படகில் போகலாம் என்று யாராவது கரையில் வந்து பேசினால் அவசரப்பட்டு ஏறாதீர்கள். அது தேசியப் பூங்கா, பக்கத்திலேயே இந்திய எல்லை. வனசீவராசிகள் திணைக்களத்தில் அனுமதி, கடற்படைக்குத் தகவல், எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இவை இல்லாத படகு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஜூலையில் காற்று பலமான நாளில் அனுமதி இருந்தாலும் படகு எடுக்க மாட்டார்கள், அதற்காகக் கோபப்படவும் கூடாது.

இரவில் மன்னார் வீதியில் கழுதைகள் நிற்கும். சாரதிக்கு நினைவூட்டுங்கள்.

9. வில்பத்து போவதென்றால்

பூங்கா வடக்கே மன்னார் மாவட்டத்தை ஒட்டியிருந்தாலும் பெரும்பாலானோர் போகும் பிரதான வாசல் ஹுனுவிலகமவில், அநுராதபுரம் தாண்டி. காலை ஆறுக்குத் திறப்பார்கள். வவுனியாவில் தங்கினால் மூன்றரைக்கே புறப்பட வேண்டும். ஜீப் வாடகை வேறு, நுழைவுச்சீட்டு வேறு, அதன் மேல் சேவைக் கட்டணமும் வரியும் வரும். "எல்லாம் சேர்த்து வாசலில் எவ்வளவு?" என்று கேட்பதுதான் சரியான கேள்வி. பாலைப்பழக் காலத்தில் கரடி பழத்துக்கு வரும், சிறுத்தையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் கரடியைப் பார்த்துவிட்டு வருவதும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு அரை நாள் போதும்.

10. இங்கே மட்டும் கவனிக்க வேண்டியவை

கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு முனையடித்த தடிகள், கட்டிய நாடா கண்டால் அங்கிருந்தே திரும்புங்கள். பலகை இல்லாத இடத்திலும் ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்குள், பழைய பதுங்குகுழிக்குள், இடிந்த வீட்டுக்குள் இறங்காதீர்கள், சலம் கழிக்கக்கூட. துருப்பிடித்த இரும்பு எதையும் பிள்ளைகள் எடுக்கக் கூடாது. சந்தேகமானதைக் கண்டால் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

யானை அடுத்தது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மடுப் பக்கத்து வீதிகளில் பொழுதுபட்ட பின் பயணம் வேண்டாம். மறித்தால் ஹோர்ன் அடிக்காமல், பளிச்சென்று விளக்கடிக்காமல், பின்வாங்கிக் காத்திருங்கள். வயல் ஓரத்து மின்வேலியைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லிவையுங்கள்.

கடற்கரையில் தனியே கூடாரம் அடிப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். எங்கே வனத் திணைக்களக் காணி, எங்கே கடற்படைக் காணி என்று வெளியாருக்குத் தெரியாது. இரவு பதினொரு மணிக்கு வந்து எழுப்புவார்கள்.

11. பையில் போட வேண்டியவை

தொப்பி, நீண்ட கை வைத்த பருத்திச் சட்டை, சன்ஸ்கிரீன் (இங்கே விலை அதிகம், அங்கிருந்தே கொண்டுவாருங்கள்), நுளம்புப் பூச்சு, ஜீவனி (உப்புச்சீனிக் கரைசல்) பக்கற்றுகள், சேறு பட்டாலும் பரவாயில்லை என்ற செருப்பு, கோவிலுக்கு மாற்ற ஒரு வேட்டி, பாவாடை. ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லீற்றர் தண்ணீராவது வாகனத்தில் இருக்கட்டும். தொலைபேசியில் ஊர்ச் சிம் போட்டதும் இந்த மூன்று இலக்கங்களையும் சேமித்துவிடுங்கள்: இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி 1912. பாம்பு கடித்தால் வெட்டவோ கட்டவோ உறிஞ்சவோ வேண்டாம், கடித்த இடத்தை அசைக்காமல் நேரே மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முல்லைத்தீவில் அது மாஞ்சோலையில் இருக்கிறது.